கிள்ளானிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவி எழுதிய கடிதம் கிடைத்தது. போனில் ஆற அமரப் பேச முடிவதில்லை, அதனால் நானும் எழுதுகிறேன்.

மலாய் பேச வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். கிள்ளானில் தமிழே போதும். ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போனால் பூக்கடை, புடவைக்கடை எல்லாம் நம் ஆட்கள்தான். ஆனாலும் 'தும்பாங்' என்ற மலாய்ச் சொல் இல்லாமல் இங்கே பொழுது போகாது. அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வது, இன்னொருவர் வீட்டில் ஒண்டிக்கொள்வது எல்லாமே தும்பாங்தான். வழி கேட்க 'தும்பாங் தாஞா' என்று ஆரம்பிக்க வேண்டும். கூட்டத்தில் நுழைந்து போக 'தும்பாங் லாலு'. எத்தனை பணிவான பேச்சு, பார்! ரயில் பயணிக்கே 'பெனும்பாங்' என்றுதான் பெயர். பழைய லாட்ஜ் வாசலில் 'ரூமா தும்பாங்கான்' என்று போர்டு தொங்கும். தைப்பூசத்துக்கு முதலாளி வேனில் தும்பாங் போய், பத்துமலையில் 272 படியும் ஏறி, அப்பா காலுக்காக வேண்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை, சித்தி மாதிரி) காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொள்கிறார். பின்சீட்டு முழுக்கப் பொட்டலம். நெத்திலிச் சம்பல் சட்டி என் மடியில்தான். திருப்பத்தில் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். போன வாரம், அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். ஊரில் என்றேன். "அப்போ மக்சிக்கிடம் மெனும்பாங் காசி" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். பாசத்துக்கு இன்னொருவரிடம் ஒண்டிக்கொள்வதையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. உன் கருவாட்டுக் குழம்பு நினைப்பாகவே இருந்தது.

அறையைப் பற்றிக் கவலைப்படாதே, ஆள் கூட இருப்பது துணைதான். இந்த மாதம் மட்டும் பணம் கொஞ்சம் பிந்தி வரும். வேறொன்றும் இல்லை.

தேவி கல்யாணத்தை ஆவணியில் வைக்கலாமா என்று மாமாவைக் கேட்டுச் சொல். அடகில் இருக்கும் உன் சங்கிலியை அதற்குள் மீட்டுவிடலாம், வேறு எங்கேயும் கடன் வாங்காதே. கஜா புயலுக்கு அப்புறம் வைத்த தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடச் சொல். சித்தப்பா எத்தனை முறை கேட்டாலும் வாய்க்கால் ஓரத்து நிலத்தை விற்கச் சம்மதிக்காதே. பத்திரம் யார் கைக்கும் போக வேண்டாம், பீரோவிலேயே இருக்கட்டும். அப்பா மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும்.

உன் மகன்,
செல்வம்