இன்னும் எத்தனை லெட்சுமிகளைக் கூப்பிடுவீர்கள்?

கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கவுண்டர் கணினியில் உறுப்பினர் பெயர் தேடும் கதை உங்களுக்குப் புதிதல்ல; மூன்று ஆண்டுக் கூட்டமாகச் சொல்லிவருகிறோம். போன செவ்வாய்க்கிழமை அது என் அம்மாவுக்கு நடந்தது.

பங்குப் பணம் எவ்வளவு என்று கேட்கப் போனோம். அம்மாவுக்கு வயது 71. ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டியதும், "பழைய நம்பர்லதான்மா பதிஞ்சிருக்கு, பேரைச் சொல்லுங்க" என்றார் கவுண்டர் பெண். லெட்சுமி என்று தட்டினார். எங்கள் தோட்டப் பட்டணத்தில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான். அதையும் தோட்டத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தபோது விஜயலெட்சுமி, முத்துலெட்சுமி, தனலெட்சுமி எல்லாரும் வந்து நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் அந்தப் பிள்ளை உரக்க வாசிக்க, அம்மா நின்றபடியே "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். "பெரட்டுலகூட மண்டோர் ஒரு தடவைதான்டா கூப்பிடுவாரு" என்றார் அம்மா வெளியே வந்ததும். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவது; மண்டோர், வேலையை மேற்பார்க்கிறவர்.

அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. விஜயலெட்சுமி வந்தாரே, அதிலேயே விஷயம் தெரிகிறது. பெயருக்குள் எந்த இடத்தில் இருந்தாலும் தேடு என்று மென்பொருளில் எழுதியிருக்கிறார்கள். அப்படித் தேடினால் சாதாரண இண்டெக்ஸ் (எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரிசைப் பட்டியல்) இருந்தும் உதவாது; முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் நிரை எண் (மர வரிசையின் எண்) தெரிந்தால் நேரே அந்த மரத்துக்குப் போகலாம், தெரியாவிட்டால் தோட்டம் முழுக்க நடக்க வேண்டியதுதான். பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது அந்த நிரை எண் மாதிரி. லட்சம் பேர் இருந்தாலும் மூன்று நான்கு தாவலில் ஆளைப் பிடித்துவிடும்.

கேட்பது ஒன்றுதான்: ஐசி எண்ணில் தேட வழிசெய்யுங்கள். அடையாள எண்களுக்குத் தனி அட்டவணை வையுங்கள். பழைய 7 இலக்க எண்ணும் மலேசியாவில் 1990-இல் வந்த 12 இலக்க எண்ணும் ஒரே உறுப்பினரைக் காட்டட்டும். அட்டவணையில் அந்த எண்கள் நிற்கும் பத்திக்கு இண்டெக்ஸ் போடுங்கள். நடுவில் கோடு வேண்டாம். எழுத்தாகவே பதியுங்கள்; 2005-இல் பிறந்த என் அக்கா மகனின் ஐசி 05 என்று தொடங்குகிறது, எண்ணாகப் பதிந்தால் அந்தச் சுழியம் பறந்துவிடும்.

புது சர்வர் வாங்கியதற்குப் போன கூட்டத்தில் கைதட்டினோம். தோட்டம் முழுக்க நடக்கிறவருக்கு மோட்டார் சைக்கிள்! கவுண்டருக்கு மார்பிள், ஏர்கோன், சுவரில் தலைவர் படம். அட்டவணைகளை இணைத்துத் தரவு வைக்கும் முறையை எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-லேயே எழுதிவிட்டார். அம்மா அப்போதுதான் பால்மரம் வெட்டப் பழகிக்கொண்டிருந்தார். சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

ஐசி எண்ணில் தேட வழிசெய்யுங்கள், தயவுசெய்து. வியாழக்கிழமை அம்மா மறுபடி வருகிறார். அதற்குள் முடியாது என்று எனக்கும் தெரியும். அன்றைக்குக் கவுண்டர் முன்னால் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உறுப்பினர் ஒருவரின் மகன்