மணி அடிக்கப் போன மகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் இவரும் நலம். நீங்களும் அம்மாவும் ஆயாவும் நலமா?

பென்சில்வேனியாவில் இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை அள்ளிப் போட்டால்தான் கார் வெளியே வரும். வேலூர் வெயிலைத் திட்டித் திட்டி வளர்ந்தவள் நான். இப்போது யாராவது அதில் கொஞ்சம் பார்சல் அனுப்பினால் தேவலை என்றிருக்கிறது. வேலை பரவாயில்லை, பொன்னி அரிசி கிடைக்கிறது, இவருக்கு இந்த மாதம் நைட் டூட்டி. மற்ற கதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு எழுத வேண்டியது வேறு.

"எம்.எஸ்ஸி. படிச்சவ அமெரிக்கா போயி மணி அடிக்கிறாளாமே" என்று சித்தப்பா சிரித்தாராம். சிரிக்கட்டும். மணிதான் அடிக்கிறேன். ஆனால் அடிப்பது பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் பாட்டு.

எங்கள் சர்ச்சில் ஒரு ஹேண்ட்பெல் குழு இருக்கிறது, கைமணிகளால் பாட்டு வாசிக்கிற குழு. ஒரு மணிக்கு ஒரு சுரம்தான். மூன்று ஸ்தாயி, 37 மணி, 11 பேர். கைக்கு ஒரு மணி. ஷார்ப், ஃபிளாட் (அரைச்சுரம் ஏறியது, இறங்கியது) வந்தால் மேஜையிலிருந்து மாற்றி எடுக்க வேண்டும். மணி வெண்கலம், ஐந்தில் நாலு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். நம் ஊர் கைமணியில் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும். இதில் முன்னும் பின்னும் மட்டும்தான் போகும், அடித்த கையோடு ஸ்பிரிங் அதை உலோகத்தில் படாமல் விலக்கிவிடும். அதனால் ஒரு வீச்சுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். நிறுத்த வேண்டுமென்றால் மணியைத் தோளில் சாய்த்து அழுத்த வேண்டும். விரல் பட்டால் பளபளப்பு போய்விடும் என்று எல்லோருக்கும் கையுறை.

இங்கிலாந்தில் சர்ச் கோபுர மணி அடிப்பவர்கள் குளிரில் மேலே ஏறி நிற்காமல் கீழேயே பழகிக்கொள்ளத்தான் இந்தச் சின்ன மணிகள் வந்ததாம். மார்கரெட் ஷர்கிளிஃப் என்ற பாஸ்டன் அம்மாளுக்கு 1902-ல் லண்டனில் ஒரு செட் கிடைத்தது. அவர் முயற்சியில்தான் 1954-ல் அமெரிக்காவில் இதற்கென்று சங்கமே வந்தது. இன்று பேர்போன மணிக் கம்பெனிகளான ஷுல்மெரிக்கும் மால்மார்க்கும் நான் இருக்கும் இதே மாநிலத்தில்தான். பக்கத்து ஊர் சர்ச்சில் பழைய இங்கிலீஷ் செட் ஒன்று இருக்கிறது, தோல் கைப்பிடி, எல்லாம் வெடித்துப் போயிருக்கிறது. எங்கள் மாமா ஆம்பூரில் தோல் வேலைதான் என்று பெருமையடித்து வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கல்யாணத்துக்கெல்லாம் ஆர்கனில் வாசிப்பீர்களே, 'ஜீசு ஜாய்', அதை மணிக்கு மாற்றி எழுதும் பொறுப்பை இங்கே என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 1723-ல் லைப்ஸிக்கில் பாக் பாடவைத்த 147-ம் கான்டாட்டாவில் (கொயரும் வாத்தியங்களும் சேர்ந்த நீளமான சர்ச் பாட்டு) வருவது. ஆர்கனுக்கு எழுதுகிறவர் சுரத்துக்கு விரல் தேடினால் போதும். நான் சுரத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் சுலபமான இடம், மேஜைக்கு வந்தால் ஒருவர் தலையில் மொத்தமாக விழுகிறது.

தொடக்கத்தையே பாருங்கள், சுரங்களை இங்கிலீஷ் எழுத்திலேயே சொல்கிறேன். ஜி ஏ, பி டி சி, சி இ டி, டி ஜி எஃப் ஷார்ப், ஜி. பி-யும் சி-யும் ஒருவர் கையில். டி-யும் இ-யும் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கையில். அவருக்கு முதலில் ஒரு டி, ஒரு மூச்சு விட்டு இ, டி, டி. ஒரே மணியை அடுத்தடுத்து இரண்டு தரம் அடிக்க மணிக்கட்டு வேண்டும், அவருக்கு எழுபதுக்கு மேல். அதனால் இ-யைப் பக்கத்தில் நிற்கும் ஜி-காரரிடம் கொடுத்தேன். இரண்டு டி போகிற நேரத்துக்குள் அவர் இ-யை வைத்துவிட்டு ஜி-யை எடுத்துவிடுகிறார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோம். பாக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

கீழ்ஸ்தாயி இன்னொரு தலைவலி. இந்த மணியில் அடித்த சுரத்தோடு ஒரு ஸ்தாயி மேலே தள்ளி அதன் பஞ்சமமும் சேர்ந்து கேட்கும். அடியில் நீங்கள் இடதுகையில் வாசிக்கிற மாதிரி பல சுரங்களை நெருக்கமாகச் சேர்த்துக் கார்டு போட்டால் ஒரே இரைச்சல். ஸ-ப, ஸ-ஸ என்று விட்டு விட்டுத்தான் வைக்க வேண்டும். கொயர் நீட்டிப் பாடும் வரிக்கும் இதே கஷ்டம்தான். மணி அடித்த நொடியிலிருந்து தேய்ந்துகொண்டே போகும், ஆர்கனில் பெல்லோஸ் (காற்றுத் துருத்தி) மிதிப்பது போல நீட்ட முடியாது. அங்கே மணியை விடாமல் குலுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பக்கம் திருப்புவதும் என் கவலைதான். எல்லோருக்கும் இரண்டு கையும் நிறைந்திருக்கிறதே! தாள் முடிகிற இடத்தில் யாருக்கு ஓய்வு வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

போன ஒத்திகைக்கு இரண்டு பேர் காய்ச்சல் என்று வரவில்லை. பல் போன வாய் மாதிரி இருந்தது பாட்டு. நம் கொயரில் ஆல்டோவில் (பெண்களின் கீழ்க்குரல் வரிசை) ஒருவர் வராவிட்டால் யாருக்குத் தெரியும்? இங்கே ஆள் வராவிட்டால் அந்தச் சுரமே இல்லை. அதனால்தானோ என்னவோ, இவர்கள் புயலடித்தாலும் வந்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு வயலின் சார் 'மணியில் கல்யாணி ராகம் வருமா' என்று கேட்டாராமே. கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, இல்லாமல் கல்யாணியா என்று அவரையே கேளுங்கள். இது வளையவே வளையாது. ஆனால் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் வரும். சங்கராபரணம், கமகமில்லாத நேர்ச்சுரம், இங்கிலீஷ் பேண்ட் மெட்டுக்குப் போட்டதுதானே. 'சக்தி ஸஹித கணபதிம்' எடுத்து, இங்குள்ள லைப்ரரி நிகழ்ச்சிக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வேலை. ஈஸ்டருக்குத் தமிழ்க் கீர்த்தனை ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். வேதநாயக சாஸ்திரியார் பாட்டில் அதிகம் அசைக்காமல் நேராகப் பாடுகிற மெட்டாக ஒன்று பார்த்து எழுதி அனுப்புங்கள். ஐந்து கோட்டு ஸ்டாஃப் வேண்டாம், டோ ரே மி என்று எழுதுகிற டானிக் சொல்ஃபா போதும், நான் மாற்றிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுக்கும்போது தாளின் ஓரம் வெட்டுப்படாமல் எடுக்கச் சொல்லித் தம்பியிடம் கொடுங்கள். போன தடவை கடைசி வரியே வரவில்லை.

அன்பு மகள்