லேபிள் இல்லாத பாட்டில்

பினாங்கு,
ஞாயிறு இரவு.

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. நம் முடிவெட்டும் கடைக்கு வெளியே கால்வாய் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் வியாபாரம் கொஞ்சம் மந்தம். கடிதம் எழுத நேரம் கிடைத்ததும் அதனால்தான்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது நீ தொப்பியைக் கழற்றவே இல்லை. மெல்பர்னில் குளிர் என்றாய். உனக்குப் பின்னால் ஹீட்டர் எரிந்ததை நான் பார்த்தேன். நாற்பது வருஷமாகத் தலைகளைப் பார்த்தே பிழைக்கிறவனிடம் தலையை மறைக்கிறாயே, ஐயா. மறுநாள் காலையில், “அப்பா, நீங்க முன்னாடி கடையில வித்த அந்த முடி எண்ணெய் ரெண்டு பாட்டில் அனுப்ப முடியுமா?” என்று உன் மெசேஜ் வந்தபோது விஷயம் புரிந்துவிட்டது. போனில் பேசினால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய்.

எண்ணெய் காய்ச்சிவிட்டேன். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு சௌராஸ்தா பாசாரில் கறிவேப்பிலையும் நெல்லிக்காயும் வாங்கினேன். கரிசலாங்கண்ணி பின்பக்கத்துத் தொட்டியில் இருக்கிறது. செம்பருத்திக்கு எங்கே போவது, கேட்டோரமாகவே பூத்துக் கொட்டுகிறது. 1960-இல் அதை மலேசியாவின் தேசிய மலராக அறிவித்தார்கள். நம் பாட்டிமார் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே அதை அரைத்துத் தலையில் அப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் அரைத்து, வெந்தயத்தை ஊறவைத்துச் சேர்த்து, தேங்காயெண்ணெயில் போட்டுச் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். பதம் பார்ப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகுபோலத் திரண்டு வரவேண்டும். அப்புறம் ஒரு திரியை நனைத்துக் கொளுத்த வேண்டும். சடசடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஊற்றி வைத்தால் பத்து நாளில் ஊசிப் போகும். நீ சின்னவனாக இருந்தபோது அந்தத் திரி வெடிப்பதைப் பார்க்கத்தான் அடுப்பங்கரையைவிட்டு நகரமாட்டாய்.

நான் அதை ஏன் விற்பதை நிறுத்தினேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ நாலாம் ஆண்டு படித்த சமயம். பள்ளிவிட்டு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவாய். “90 நாளில் அடர்ந்த முடி” என்று லேபிளில் போட்டவன் நான்தான். ஒருநாள் ஒட்டிக்கொண்டே கேட்டாய், “அப்பா, அப்படின்னா தாத்தாவுக்கு ஏன் நீங்க தேச்சுவிடல?” நாற்காலியில் இருந்த ஆள் முகத்தில் சோப்பு நுரையோடு சிரித்த சிரிப்பில் நான் கத்தியை அவர் முகத்திலிருந்து எடுத்துவிட்டேன். தாத்தா அப்போது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலை வெயிலில் மின்ன. நானும் சிரித்துச் சமாளித்தேன். பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்ணெய்க்கு நல்ல பெயர் இருந்ததே, எப்படி? அதற்கு விடை பிற்பாடுதான் எனக்குக் கிடைத்தது. எனக்கு டெங்கு வந்ததே, நினைவிருக்கிறதா? காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வந்தது. கடுமையான காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட், பெரிய மனக்கவலை, எதுவானாலும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு இரண்டு மூன்று மாதம். அது முடிந்ததும் மொத்தமாகக் கொட்டும். காரணம் தீர்ந்துவிட்டால் அடுத்த ஆறேழு மாதத்தில் தானாகவே முளைத்து வரும். ஜனங்கள் எப்போது எண்ணெய் தேடி வருவார்கள்? கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது. அந்த நேரத்தில் என் எண்ணெயைத் தேய்த்தாலும், பச்சைத் தண்ணீரைத் தேய்த்தாலும் 90 நாளில் குட்டி முடி எட்டிப் பார்க்கத்தான் செய்யும். பிள்ளை பெற்ற பெண்கள் பாதிப் பேர் எனக்கு வந்து நன்றி சொன்னது இப்படித்தான்.

அப்புறம் அந்தப் பெண்பிள்ளை. பதினைந்து வயதிருக்கும். அம்மாக்காரி மாதம் ஒரு பாட்டில் வாங்கிப் போவார், விலை 12 வெள்ளி. எட்டு மாதம் வாங்கினார். ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னல் எலிவால் மாதிரி இருந்தது. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் துண்டோடு எழுந்து வந்து அந்தப் பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. “இதுக்கு எண்ணெய் எதுக்கும்மா, ரத்தம் சோதிக்கக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்திருக்கிறது. மாதவிலக்கில் அந்தப் பிள்ளைக்கு ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் வாய்திறந்து சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்குள் முகம் தெளிந்துவிட்டது, முடியும் வந்தது.

அந்த அம்மா திரும்பக் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “உங்க கடைக்கு வந்ததாலதான் தெரிஞ்சுது, அண்ணே” என்று சொல்லிவிட்டு இன்னொரு பாட்டில் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிச்சமிருந்த லேபிளை எல்லாம் அன்று ராத்திரி எரித்தேன். உன்னிடம் தீர்ந்துவிட்டது என்றேன்.

சரி, இப்போது உன் தலைக்கு வருவோம்.

முதலில் ஒன்று செய். காலையில் தலையணையில் கிடக்கும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பார். நுனியில் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்னதாய் ஒரு முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இல்லையென்றால் நடுவில் உடைந்தது. உடைவது வேறு, உதிர்வது வேறு. உடைகிற முடிக்குத்தான் தேங்காயெண்ணெய் உண்மையிலேயே உதவும். அது முடித்தண்டுக்கு உள்ளே போய், குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. உதிர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை எல்லாருக்கும் விழும், அதை எண்ணிக்கொண்டு உட்காராதே.

ஆனால் உனக்கு நடப்பது எண்ணிக்கை விஷயம் இல்லை என்று எனக்குச் சந்தேகம். போன வருஷம் நீ வந்தபோது உனக்கு முடி வெட்டினேன். பின்தலையில் சீப்பு வழக்கம்போலக் கனமாக ஓடியது. உச்சிச் சுழிக்கு வந்ததும் பட்டுநூலில் ஓடுவதுபோல இருந்தது. நெற்றியின் இரண்டு ஓரமும் விரற்கடை ஏறியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ விமானம் ஏறும் அவசரத்தில் இருந்தாய், எனக்கும் மனசு வரவில்லை. இது பரம்பரை வழுக்கை. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்று ஒன்று உச்சியிலும் நெற்றியோரத்திலும் உள்ள முடிவேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி முன்னைவிட மெல்லிசாக வரும், கடைசியில் பூனைமயிராகிவிடும். பின்தலை வேர்கள் இதற்கு மசியாது. அதனால்தான் முடி நடுகிறவர்கள் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். அம்மா வழியில் வருகிறது என்பார்கள், அப்பா வழியிலும் வரும். உனக்கு இரண்டு தாத்தாவுமே வழுக்கை. நீ எந்தப் பக்கம் தப்பிப்பாய்?

நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். வெங்காயச் சாற்றில் கொஞ்சம் சங்கதி இருக்கிறது, ஆனால் அது உன் சங்கதி இல்லை. நம் ஊரில் புழுவெட்டு என்று சொல்வோமே, காசளவு வட்டமாகச் சொட்டை விழுவது, அதற்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கிற வழக்கம் என் அப்பா காலத்திலிருந்து உண்டு. கடைக்கு வரும் பார்மசிஸ்ட் ஒருவர் சொன்னார், ஈராக்கில் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டிருக்கிறார்களாம்: வெங்காயச் சாறு தேய்த்த 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது, வெறும் தண்ணீர் தேய்த்த 15 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. சின்ன ஆய்வுதான். புழுவெட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது, பல பேருக்குத் தானாகவும் சரியாகும். உன் நெற்றியில் வெங்காயம் தேய்த்தால் ஆபீஸில் பக்கத்தில் இருப்பவர்தான் இடம் மாறுவார்.

ரோஸ்மேரி எண்ணெயும் அப்படி அரைகுறைக் கதைதான். ஈரானில் 100 ஆண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி, மறுபாதிக்கு மினாக்ஸிடில் என்ற முடி மருந்தில் 2 சதவீத வகை கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. மூன்றாம் மாதத்தில் இரண்டிலும் ஒன்றும் இல்லை, ஆறாம் மாதத்தில் இரண்டிலும் கொஞ்சம் முன்னேற்றம். ஒன்றுமே தேய்க்காத மூன்றாவது கூட்டம் அதில் இல்லை. ஆண்கள் வழக்கமாகப் போடுவது 5 சதவீதம் வேறு. ஆசையாக இருந்தால் போட்டுப் பார், நேராக ஊற்றாதே, தேங்காயெண்ணெயில் சில துளி விட்டுக் கலந்துகொள். பொடுகு இருக்கும்போது மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம். பொடுகோடு சேர்ந்திருக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று உன் அத்தை சொல்லியிருப்பாள். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்மலை அடிவாரத்தில் எத்தனை ஆயிரம் தலை வழித்திருப்பேன்! வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தெரியும், அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. வேண்டுதல் இருந்தால் போடு, முருகனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

முடியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால் டாக்டரிடம் போ, சீக்கிரம் போ. சுருங்கிக்கொண்டிருக்கும் வேரைப் பிடித்து நிறுத்தலாம், செத்த வேரை எழுப்ப முடியாது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் அதிகமாகக் கொட்டும், பயந்து நிறுத்தாதே. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், விட்டுவிட்டால் வந்தது போய்விடும். உன் வீட்டில் பூனை இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. அந்த மருந்து பூனைக்கு விஷம், துளி நக்கினாலும் ஆபத்து. தடவிக் காயும்வரை அதைக் கிட்டே விடாதே, தலையணையில் படுக்கவிடாதே. இன்னொன்று பினாஸ்டரைட் மாத்திரை, டிஎச்டியைக் குறைப்பது. அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், ஆன்லைனில் வாங்கவும் கூடாது. சிலருக்கு மனச்சோர்வு வரும், தாம்பத்திய ஆசை குறையும். அப்பா எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டாக்டரிடம் நீ கூச்சப்படாமல் கேட்கணும்.

பேக்கேஜ் என்று கூப்பிடுகிற முடி சென்டர் பக்கம் மட்டும் போகாதே. என் வாடிக்கைக்காரர் ஒருவர் மாலில் ஒரு இடத்தில் 4,000 வெள்ளி கட்டிவிட்டு வந்தார். தலையைப் பெரிதுபடுத்திக் காட்டும் கேமராவில் வேர் அடைத்திருக்கிறது என்று பயமுறுத்தி, பன்னிரண்டு முறை ஆவி பிடித்து மூலிகைச் சாறு தடவினார்களாம். நான் 12 வெள்ளிக்குச் செய்ததை அவர்கள் ஏசி போட்டுச் செய்கிறார்கள்.

ஒன்றும் வேண்டாம் என்று விட்டாலும் எனக்குச் சம்மதம். மெஷினில் நம்பர் ஒன் போட்டு ஒரே மாதிரி ஒட்ட வெட்டிக்கொள், தாடியைக் கொஞ்சம் விடு. உன் மண்டை நல்ல வடிவம், கைக்குழந்தையில் நான்தான் வழித்தேன், எனக்குத் தெரியும். பக்கத்து முடியை வளர்த்து உச்சிக்கு இழுத்துச் சீவுவதை மட்டும் செய்யாதே. அப்படி வருகிறவர்களுக்குக் கண்ணாடியைப் பின்னால் காட்டவே எனக்குக் கை வராது.

எண்ணெய் இரண்டு பாட்டில், பக்கத்து வீட்டு மாமியின் மகள் புதன்கிழமை கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். லேபிள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையில் வெதுவெதுப்பாக்கித் தேய்த்து அரைமணி ஊறிக் குளி, தூக்கம் நன்றாக வரும். அதற்குத்தான் அது. மூடியைச் சுற்றி டேப் போட்டு மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறேன். அங்கே குளிரில் உறைந்து வெள்ளையாகிவிடும், கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதே, பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்தி வை. அம்மா முறுக்கும் கறித்தூளும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். கஸ்டம்ஸில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டச் சொல்லி அந்தப் பிள்ளையிடம் நீயும் ஒருமுறை போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா