சிற்றாற்றோடு ஒரு பைக் பயணம்

தென்காசி,
ஆனி மாதம்.

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் வலி, பேத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் விவரமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘நம்ம ஆத்துல தண்ணி ஓடுதா?’ என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது என்று அன்றைக்கே எழுதிப் போட்டிருப்பேன். எதுவரை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாமே என்று தோன்றியது, அதுதான் தாமதம். போன வாரம் மகனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலத்திலிருந்து சீவலப்பேரி வரை ஆற்றை ஒட்டியே போய்வந்தேன். இரண்டு நாள். வீட்டில் வசவு இன்னும் ஓயவில்லை.

சாரல் தொடங்கிவிட்டது. செங்கோட்டைப் பக்கம் மலையில் உள்ள இடைவெளி வழியாக மேல்காற்று சிலுசிலுவென்று வருகிறது. மலையாளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம்தான் நமக்குச் சாரல். தேனருவி, செண்பகாதேவி என்று இறங்கிப் பொங்குமாகடலில் விழுந்து நிரம்பி வழிகிற தண்ணீரைத்தானே ஊரெல்லாம் வந்து தலையில் வாங்கிக்கொண்டு போகிறது? அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து, “இந்தத் தண்ணி இங்கேருந்து எங்கே போகுது?” என்று கேட்டேன். சாக்கடைக்குத்தான் என்றார்! சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றுக்கு வந்த கதியைப் பார்.

அருவிக்குக் கொஞ்சம் கீழே, ஆள் இல்லாத படித்துறையில் குளித்தேன். சோப்பைத் தொட்டதுமே நுரை பொங்குகிறது. அலசினால் மட்டும் வழுவழுப்பு போகவே மாட்டேன் என்கிறது. மேலே இருப்பதெல்லாம் எளிதில் கரையாத கடும்பாறை. தண்ணீரும் அதில் தங்கி நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து சேர நேரம் ஏது? உன் அம்மா ஆற்றுத் தண்ணீரில் போட்ட பருப்பு ஒரு கொதியில் மலர்ந்துவிடும் என்பாளே, அதற்கும் இதுதான் காரணம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு முழிக்கிறது.

தென்காசி தாண்டினால் வேறு கதை. சிற்றாற்றின் குறுக்கே பெரிய அணை எதுவும் கிடையாது. குண்டாறு, கருப்பாநதி, மேக்கரையில் அடவிநயினார் என்று அணைகளெல்லாம் கிளையாறுகளில்தான். சிற்றாற்றில் இருப்பது 17 அணைக்கட்டுகள். எல்லாம் தாழ்ந்த கல்கட்டு, தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். சேர்த்துவைக்க வழியில்லாததால் முதலில் இருப்பவன் முதலில் எடுப்பான். முதல் அணைக்கட்டான தலையணையில் இடுப்பளவு பார்த்த தண்ணீர் நாலைந்து அணைக்கட்டு தாண்டியதும் கணுக்காலுக்கு வந்துவிட்டது. வீரகேரளம்புதூர் பக்கம் அனுமன் நதி வந்து சேர்ந்ததும் ஆற்றுக்கு மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது, அதுவும் ரொம்ப தூரம் தாங்கவில்லை.

மானூர்ப் பெரியகுளம் வெறும் பொட்டல். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், “குற்றாலத்துல நல்லா விழுதே” என்றேன். “அது ஒங்களுக்கு சீசன். எங்களுக்கு ஐப்பசி பொறக்கணும்” என்றார். சரியான பேச்சு. சாரலைக் குடிக்க மேலே இருக்கிற வயலே போதும். கீழ்ப்பகுதி நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையைத்தான். அப்போது ஆறு செம்மண் குழம்பாக வரும், சீமைக்கருவேல முள்ளையெல்லாம் வாரிக்கொண்டு.

மலையில் மழை பெய்தால் இந்த ஆறும் இதன் ஓடைகளும் அவகாசமே கொடுப்பதில்லை. சரிவு செங்குத்து, ஓடிவர வேண்டிய தூரமோ குறைவு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வந்ததைப் படித்திருப்பாய். நாம் சின்ன வயதில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலே கரையேறி ஓடுவோமே. இப்போது குளிக்க வருகிறவர்கள் கையில் போன் இருக்கிறது, தண்ணீரை யார் பார்க்கிறார்கள்?

கங்கைகொண்டான் பக்கம் மணல் குறைந்து கரிசல் தலைகாட்டுகிறது. வெடித்த சேற்றுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர். ஒரு குட்டையில் அதே சோப்பைப் போட்டுப் பார்த்தேன். தயிர் திரிந்த மாதிரி மிதந்தது, நுரை வரவில்லை. ஒரு வாய் வைத்தேன், லேசாக உப்பு. வயலில் பாய்ந்து வடிந்து, மண்ணில் ஊறி, வெயிலில் சுண்டி வந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும். பெயர் மட்டும் அதே சிற்றாறு. (சித்ரா நதி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். சின்ன ஆற்றுக்குச் சிற்றாறு என்ற பெயரே போதும் எனக்கு.)

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற சீவலப்பேரி முக்கூடலுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாமிரபரணி நிறையப் போகிறது. சிற்றாற்றுப் பக்கம் நாணலுக்குள் ஒரு கோடு மாதிரி ஈரம், அதில் ஒரு கொக்கு. செருப்பைக் கையில் எடுக்காமலே நடந்து கடந்தேன்.

நீ ஆடியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வந்தால் குற்றாலத்தில் வரிசையில் நின்று குளித்துவிட்டுப் போகவேண்டியதுதான். கார்த்திகையில் வா. ஆறு முக்கூடலில் போய் விழுவதைக் காட்டுகிறேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது, இந்தத் தடவை கார் எடுத்துக்கொள்ளலாம்.

உன்,
பழைய சேக்காளி