அவன் ஏங்கியது கேரம் போர்டுக்காக

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மாணவர் போராட்டங்கள் பற்றி வந்த படத்தொகுப்பை எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் கைமாற்றிப் பார்த்தோம். நல்ல படங்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. தடுப்புக் கம்பிமேல் ஏறி நிற்கும் பெண்ணின் செருப்பு வார் பிய்ந்து தொங்குவதுகூடத் தெரிகிறது. என் வருத்தம் படங்களுக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் பற்றியது.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தீர்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், முன்னால் ஒரு பையன் பென்சிலைக் கடித்தபடி எங்கோ பார்க்கிறான். 'ஏக்கம் நிறைந்த கண்கள்: வடசென்னையில் ஒரு மாற்றுக் கல்வி முயற்சி' என்று அதற்குத் தலைப்பு. அந்த மாடிப்படி எங்களுடையது. அங்கே பதினான்கு வருடமாக மாலை வகுப்பு எடுப்பது நான்தான். மாற்றுக் கல்வி என்பதெல்லாம் பெரிய பெயர் சார், தெருவில் அதை 'அக்கா கிளாஸ்' என்பார்கள்.

அந்தப் பையனுக்கு அன்று ஏக்கம் இருந்தது உண்மைதான். கணக்கு முடித்தவர்களுக்குத்தான் கேரம் என்பது எங்கள் சட்டம். மூன்று பேர் முடித்துவிட்டுப் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு மட்டும் 133ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2 வந்துகொண்டே இருந்தது. கேரமில் ரெட் காயைப் போட்டு ஃபாலோவும் போடுகிற கை அது. வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால் கண் ஏங்காமல் என்ன செய்யும்? படமெடுத்த தம்பி கேட்டிருந்தால் இதை அவனே சொல்லியிருப்பான். பெயரையும் சொல்லியிருப்பான், இனிஷியலோடு.

இப்போது போராட்டப் படங்களுக்கு வருகிறேன். அவற்றில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பெயர், கல்லூரி, எந்த ஆண்டு படிக்கிறார்கள் என்பதுவரை அச்சிட்டிருக்கிறீர்கள். பயமில்லாமல் நின்றவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் மாடிப்படியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணுக்கு முன்பு இப்படித்தான் வேறொரு பத்திரிகையில் படம் வந்தது. மறுநாளே அவள் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அரை நாள் சவாரியை விட்டுவிட்டுத் துறைத்தலைவர் அறை வாசலில் நின்றார். பத்து நாள் அவளை வகுப்புக்குள் விடவில்லை. படமெடுத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் அடுத்த போராட்டத்துக்குப் போயிருப்பார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் சொவேட்டோ மாணவர்கள் 1976 ஜூன் 16 அன்று தெருவுக்கு வந்ததும் மொழிக்காகத்தான். பாதிப் பாடங்களை ஆட்சியிலிருந்த வெள்ளையர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்று அரசு திணித்தது. போலீஸ் சுட்டதில் விழுந்த ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை ஒரு இளைஞன் தூக்கிக்கொண்டு ஓட, பக்கத்தில் ஹெக்டரின் அக்கா கதறிக்கொண்டு ஓடிவருவாள். அந்தப் படத்தை எடுத்தவர் சாம் நிசிமா. போலீசுக்குத் தெரியாமல் ஃபிலிமைக் காலுறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். உலகமே பார்த்தது. ஆனால் தூக்கிக்கொண்டு ஓடிய எம்புயிசா மகூபோவுக்குப் போலீஸ் தொல்லை தாங்காமல் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று, திரும்பி வரவேயில்லை. நிசிமாவும் வேலையை விட்டு ஊர்ப்பக்கம் போய் ஒடுங்க நேர்ந்தது. அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். படத்தில் இருந்தவன் என்ன ஆனான் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க முடிகிறது.

மொழிப் போராட்டம் என்றால் எங்களுக்கு மூலக்கொத்தளம் இடுகாடு. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போய் 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாலமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். மொழிப்போர் தியாகிகள் நாளான ஒரு ஜனவரி 25 அன்று பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு "போட்டோ இல்லையாக்கா?" என்று கேட்டார்கள். என் கையில் எதுவுமில்லை. ஆக, படமெடுக்க வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை.

எதை எடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. பாரிமுனைச் சட்டக் கல்லூரியை இடம் மாற்றக் கூடாது என்று மாணவர்கள் உட்கார்ந்தபோது நிறைய கேமரா வந்தது. 2018இல் கல்லூரி ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, நின்றுகொண்டே தூங்கும் பிள்ளையை எடுத்த படம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்களே, அப்போது எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அம்மா மடியை மேசையாக்கி வீட்டுப்பாடம் எழுதினார்கள். கோஷம் வரும்போது கையைத் தூக்கிவிட்டு, மறுபடி குனிந்து எழுதினார்கள். பக்கத்திலேயே ஒருவர் கேமராவோடு நின்றார், மேடையைப் பார்த்தபடி. போராட்டமும் படிப்பும் உங்கள் தொகுப்பில் வேறு வேறு பக்கம். எங்களுக்கு அது ஒரே பாய்.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் பாவம். துப்புரவுத் தொழிலாளர்களைப் பல வருடமாகப் படமெடுத்துவரும் பழனி குமார், பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுப்பதையும் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை வாங்கி வாரத்துக்கு ஒரு பிள்ளை கையில் கொடுத்தோம். முதல் மாதம் முழுக்க நாய்க்குட்டி. அப்புறம் ஒரு பெண் தன் அம்மாவின் கையை எடுத்து வந்தாள். காசிமேட்டில் மீன் வெட்டி முடித்த கை, விரலிடுக்கில் செதில் ஒட்டியிருக்கிறது. அடியில் அம்மா பெயரைத் தமிழில் அழகாக எழுதியிருந்தாள். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். "கேட்டேன்க்கா, வளையல் போட்டுட்டு வரேன்னு சொல்லிச்சு, நான்தான் வேணாம்னுட்டேன்."

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ரோட்டில் நிற்கும் பிள்ளையின் பெயரை அவள் சரி என்று சொன்னாலொழியப் போடாதீர்கள். பதினெட்டு வயதில் சரி என்பது சட்டென்று வாயில் வந்துவிடும், அதனால் மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். படிக்கிற பிள்ளைக்கு, வீட்டில் கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள், என்ன படிக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதியைத் தெருவுக்கு அனுப்புங்கள். இத்தனை வருடத்தில் எங்கள் மாடிப்படிக்கு வந்த கேமராக்காரர்கள் ஏழெட்டுப் பேர். திரும்பி வந்த பிரிண்ட் ஒன்றே ஒன்று.

உங்கள் படத்தை இப்போது கேரம் போர்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். தலைப்பை மட்டும் அந்தப் பையனே கத்தரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் '133 ÷ 7 = 19' என்று எழுதிவைத்திருக்கிறான்.

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

– மாலை வகுப்பு ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.