எட்டாவது பனை

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள மலருக்கு,

வற்றாப்பளைப் பொங்கலுக்கு இந்த முறையும் வர முடியவில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், இவர் வயலே கதியென்று கிடக்கிறார், மாடு கன்றை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அம்மாளாச்சி கோபிக்க மாட்டா. நீதான் கோபிப்பாய்.

உன் மச்சாளைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மார்புப் புற்றுநோய்க்கு நாலாவது கீமோ ஏற்றிய பிறகு கட்டிலை விட்டு எழும்புகிறாவே இல்லை, மாமி ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடுகிறா இல்லை என்கிறாய். அது சோம்பல் இல்லையடி. நாள் முழுக்கக் களை பிடுங்கின அலுப்பு ஒரு நித்திரையோடு போய்விடும். இந்தக் களைப்பு நித்திரைக்கு அடங்காது. பத்து மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் பல்லுத் தீட்டக் கை வராது. போன வருடம் எனக்கும் இதே கதைதான். அறுத்த உடம்பு, அசையாதே என்று ஊரே சொன்னது. படுக்கப் படுக்கக் காலில் இருந்த சதையும் வற்றியது. படுக்கையே களைப்பைக் கூட்டுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. நடுவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின சத்துமா டின்கள் இப்போது மிளகாய்த்தூள் போட உதவுகின்றன.

தெல்லிப்பழை கிளினிக்கில் ஒரு நேர்ஸ் பிள்ளைதான் முதலில், "அன்ரி, கொஞ்சம் நடங்கோ" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2009 சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் நடக்காத நடையா? இனி ஆயுசுக்கும் நடக்கத் தேவையில்லை என்றல்லவா இருந்தோம். அதற்கு அந்தப் பிள்ளை, இந்தப் புற்றுநோய்ப் பிரிவே நடந்து சேர்த்த காசில் வந்ததுதான் என்றா. உண்மைதான். 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையில் வெளிக்கிட்டு, வன்னியையும் தாண்டிப் பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தார்களே, அந்தக் காசு.

சரி, நடந்துதான் பார்ப்போம் என்று இறங்கினேன். எங்கள் படலைக்கு வெளியே வாய்க்கால் கரையில் பனைகள் வரிசையாக நிற்பது உனக்குத் தெரியும். முதல் நாள் முதலாவது பனை வரை போய், அதன் வேரில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். கீமோ ஏற்றிய கிழமையில் அதற்கு மேல் முடியாது. மூன்றாவது கிழமை நாலாவது பனை. அடுத்த மருந்து ஏற்றியதும் மறுபடி முதலாவது பனைதான். அன்றைக்கு அழுதேன். எட்டாவது பனையைத் தொட எனக்கு மூன்று மாதம் போனது. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. இப்போது கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம், வெயில் ஏறுமுன் போய் வந்துவிடுவேன்.

கம்பஸில் தாதியியல் படிக்கும் மகள் சொன்னாள், 2017 இல் 113 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், 11,500 பேர் அளவில், அதில் கிட்டத்தட்டப் பாதி ஆய்வுகள் எங்களைப் போல மார்புப் புற்றுநோய் வந்த பெண்களிடம் செய்தவை. இந்தக் களைப்புக்குக் குளிசையை விட உடற்பயிற்சியும் மனத்துக்கான ஆலோசனையும்தான் கூடக் கேட்டிருக்கிறதாம். எனக்குக் களைப்பில் பாதிதான் போனது. பின்னேரம் மூன்று மணிக்கு இன்றைக்கும் சாய்கிறேன்தான். ஆனால் சமைத்துவிட்டுச் சாய்கிறேன்.

கைக்கு, அரை லீற்றர்ப் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தூக்குகிறேன், கிழமைக்கு இரண்டு தரம். கக்கத்தில் நெறி, அதுதான் நிணநீர் முடிச்சு, எடுத்த கை வீங்கிவிடுமோ என்று நான் நடுங்கினேன். பிசியோதெரபி மிஸ் பழக்கிவிட்டபடி மெல்ல மெல்லப் பாரம் கூட்டினதில் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கக் கையில் காப்பு இறுகுகிறதா என்று மட்டும் தினம் பார்த்துக்கொள்வேன். மச்சாளும் ஆரிடமாவது பழகாமல் தூக்க வேண்டாம்.

மாமியை மீறிக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட முன், கிளினிக்கில் ஒரு தரம் கேள். இரத்தம் குறைந்தும் தைரொயிட்டாலும்கூட இப்படிக் களைக்கும். அதற்கு நடை மருந்தில்லை. எலும்பில் நோ இருந்தாலும் சொல்ல வேண்டும். காய்ச்சல் காய்ந்தால் நடையை மறந்துவிட்டு நேரே ஆசுப்பத்திரிக்கு.

உங்கள் வளவில் பனை இல்லையே. கட்டிலில் இருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று மச்சாளையே எண்ணச் சொல்லு. அடுத்த கடிதத்தில் எண்ணிக்கையை எழுது. ஒடியல் மா கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன், பஸ்ஸில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
ராணி