ஹூஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

ஹூஸ்டன்,
மார்ச் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலமா? வேலை சரியாகப் போகிறது. இங்கே மார்ச்சிலேயே புழுக்கம் வந்துவிட்டது. பியர்லாந்து மீனாட்சி கோவிலில் உங்கள் எல்லோர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன்.

போன வாரம் பேயூ பெண்ட் என்ற வீட்டைப் பார்க்கப் போனேன். பஃபலோ பேயூ என்ற கலங்கிய ஆற்றின் மேல் தொங்குபாலம். நடந்தால் லேசாக ஆடும். அதைத் தாண்டினால் இளஞ்சிவப்புச் சுவரோடு பெரிய வீடு. டெக்சஸ் கவர்னராக இருந்த ஜிம் ஹாக்கின் மகள் ஈமா ஹாக், அண்ணனுக்கும் தம்பிக்கும் தனக்குமாகக் கட்டியது. 1928-இல் குடிவந்தார்கள். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1920-இல் நியூயார்க்கில் ஓர் ஓவியர் அவரை வரைந்திருக்கிறார். அங்கே கிடந்த பழைய நாற்காலி ஒன்று அமெரிக்கத் தச்சர் செய்தது என்று தெரிந்ததும் பிடித்த ஆசை, கடைசிவரை விடவில்லை. மேசை, கட்டில், பீங்கான், பால் ரிவியர் என்ற வெள்ளிப் பத்தர் செய்த பாத்திரம் என்று தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு காலத்துக்கு. 1957-இல் எல்லாவற்றையும் நகரத்தின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1966 முதல் யாரும் போய்ப் பார்க்கலாம்.

தோட்டம் 14 ஏக்கர். அதையும் அறை அறையாக வகுத்திருக்கிறார்கள். வீட்டின் பின்வாசல் படியில் நின்றால் புல்வெளி இறங்கி இறங்கிப் போகிறது. கோடியில் ஒரு குளம், வளைந்து விழும் நீர்த்தாரைகள், அதற்குப் பின்னால் டயானா என்ற ரோமானிய வேட்டைத் தேவியின் வெள்ளைச் சிலை. இப்போது அசேலியா பூக்கிற பருவம். இலையே தெரியாமல் பூ! மணம்தான் இல்லை, நம் மல்லிக்கு ஈடாகுமா? 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது ஆறு பெருகி இந்தத் தோட்டம் முழுகியது. படிந்த வண்டலை அள்ளி மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே நிற்கும்போது நாயக்கர் மகால்தான் நினைவில் ஓடியது. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. அவர் பேரனே பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். தூண்களாவது நமக்கு மிஞ்சின. அங்கே வாழ்ந்தவர்களின் கட்டிலும் விளக்கும் எங்கே போயின?

சரி, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சோழவந்தான் வீட்டுத் தேக்குத் தூண்களுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் காரைக்குடி வியாபாரி விலை பேசிவிட்டுப் போனதாகச் சொன்னீர்கள். கொடுக்க வேண்டாம், அப்பா. ஜிம் ஹாக் தன் நிலத்தை 15 வருஷம் விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்தாராம். பிறகு அதில் எண்ணெய் கிடைத்தது, அந்தப் பணத்தில் வந்ததுதான் இத்தனையும். நம் வீட்டில் எண்ணெய் வராது, தெரியும். ஆனால் அந்த ஊஞ்சல் அந்தப் பட்டாசாலையில் தொங்கினால்தான் ஊஞ்சல். இன்னொருவர் ஓட்டல் வாசலில் கிடந்தால் வெறும் பலகை.

ஓடு மாற்றுகிற செலவை நான் அனுப்புகிறேன். மழைக்கு முன் கொத்தனாரை வரச் சொல்லுங்கள். தூணைச் செதுக்கிய ஆசாரி யார், எந்த ஊர் என்று அப்பத்தாவைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; அவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவை மூட்டு வலி மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்